என் சம்சாரம், மூன்று மணிக்கு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்வதாகத்தான் இருந்தது. கடையில் கற்பூரம் தீர்ந்துவிட்டது, ஊதுபத்திதான் கிடைத்தது. ஆகவே ஊதுபத்தி மேல் சத்தியம். ஒருவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் போகிற இடம் வரும்போது சிலருக்குச் சந்தேகம் வரும். அதுவும் நடந்ததுதான். அந்த ஹெல்மெட் இன்னமும் இருக்கிறது.

பாலச்சந்திரனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போசரி என்கிற மராத்தி நாட்டு ஊரில் ஒரு பட்டறையில் இருபத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதகர். ஸ்கூட்டருக்குள் போகும் புஷ் என்கிற சின்ன இரும்பு வளையங்களைச் சோதிப்பது வேலை. இரண்டு முனை கொண்ட ஒரு அளவுகோல் சட்டைப்பையில் இருக்கும். ஒரு முனை ஓட்டைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அப்படியானால் ஓகே. இல்லாவிட்டால் ரிஜெக்ட். இதற்கு நடுவில் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி.

கண்ணாலேயே அளந்துவிடுவார். ஒரு முறை தூக்கத்தில், "மூணாம் மாடியில ஃபேன் பேரிங் போயிட்டு" என்று முனகினார். இவர்கள் இருப்பது முதல் மாடி. மறுநாள் மூன்றாம் மாடியில் ஃபேன் கழன்று விழுந்தது. கீழே யாரும் இல்லை. இருந்திருந்தால் அவரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம்.

இப்படிப்பட்டவர் கையில்தான் இரண்டு வாரத்துக்கு முன் அந்த நோட்டுப் புத்தகம் கிடைத்தது. கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. மனைவி ஷீலாவின் கையெழுத்து.

"காலை 6.20. பா. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்."

"6.40. பா. காப்பியை முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை."

"8.05. பா. 'சாப்ட்டியா' என்று கேட்கவில்லை. இருபத்திரண்டாம் நாள்."

பா. என்பது யார் என்று கண்டுபிடிக்க அளவுகோல் தேவைப்படவில்லை. ஊரையெல்லாம் சோதித்தவரை ஒருத்தி உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருக்கிறாள். எதற்கு? யாரிடம் காட்ட? வக்கீலிடமா?

படித்த பிறகாவது ஒரு தடவை "சாப்ட்டியா" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நோட்டைப் படித்தது தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. நோட்டில் கணக்கு முப்பத்தாறாம் நாளுக்கு ஏறிவிட்டது.

இந்த நிலையில் வியாழக்கிழமை விடிந்தது. பட்டறைக்கு வார விடுமுறை.

ஷீலா குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய போன் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்தது. "நிர்மல் ஸர்" என்று திரையில் வெளிச்சம் வந்தது. கீழே நாகரி எழுத்தில் ஒரு செய்தி. பாலச்சந்திரன் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மாஜா ஸம்ஸார். நக்கி? தீன் வாஜ்தா. பாஹேரூன் மாணூஸ் யேணார்."

ஷீலா பக்கத்து ஊரான கட்கியில் பிறந்தவள். அவள் அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, அவளுக்கு மராத்தி தண்ணீர் பட்டபாடு. பாலச்சந்திரன் சங்கரன்கோவிலிலிருந்து இருபத்தேழு வயதில் வந்தவர். அவருடைய மராத்தி, பஸ் நடத்துநரோடும் பட்டறையில் திட்டுவதோடும் முடிந்துவிடும். ஆனாலும் இது என்ன பெரிய வித்தை? மாஜா என்றால் என்னுடைய. தீன் என்றால் மூன்று. பாஹேரூன் மாணூஸ் என்றால் வெளியாள். சம்சாரம் என்றால் சம்சாரம்தான், அதற்கு அகராதியா பார்க்க வேண்டும்?

நக்கி மட்டும்தான் இடித்தது. மகள் கீர்த்தி கூடத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நக்கின்னா என்னட்டி?"

கீர்த்தி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "நக்கினா... பக்கா, அப்பா. கன்ஃபர்ம். ஏன் நீ கேக்குறே?"

"சும்மாதான். பட்டறையில ஒருத்தன் சொன்னான்."

"இன்னிக்கு உனக்கு லீவுதானே? எந்த பட்டறை?"

"நேத்து சொன்னான்."

கீர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்த பார்வையை அப்படியே குளியலறைக் கதவுக்குத் திருப்பினாள். அதையும் பாலச்சந்திரன் கவனித்தார். இவளும் கூட்டு.

இப்போது செய்தி முழுதாகச் சேர்ந்துவிட்டது. என் சம்சாரம். பக்காவா? மூன்று மணிக்கு. வெளியாள் வருவான்.

நிர்மல் என்கிற ஒருவன், இன்னொருவன் சம்சாரத்தை, என் சம்சாரம் என்கிறான். அதற்குச் சாட்சி போட வெளியாள் வேறு.

பாலச்சந்திரன் காப்பியை முகரக்கூட இல்லை. அப்படியே குடித்துவிட்டார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அது முதல் தடவை.

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ஷீலா வெளியே வந்தாள். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை. தோளில் துணிப்பை.

"எங்க கெளம்பிட்ட?"

"பஜன் மண்டலிக்குங்க. வியாழக்கிழமைதோறும் போறேனே."

"பஜனைக்குக் கல்யாணச் சேலையா கட்டிட்டுப் போவாவ?"

"விட்டலனுக்கு முன்னால நிக்கறப்ப நைட்டியா போட்டுக்க முடியும்?" பதில் உடனே வந்தது. ஒத்திகை பார்த்த பதில் மாதிரி. "சாதம் மூடி வெச்சிருக்கேன். போட்டுக்குங்க."

கதவு சாத்தியது. பாலச்சந்திரன் நாற்பது வரை எண்ணினார். அவசரத்தில் வேட்டியைப் பேன்ட்டாக மாற்றி, வெள்ளைச் சட்டையை மாட்டி, பழக்கதோஷத்தில் பட்டறை அடையாள அட்டையையும் கழுத்தில் போட்டுக்கொண்டார். அளவுகோல் பையில் தானாக ஏறியது. முகம் தெரியக் கூடாதே என்று கீர்த்தியின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். மூடி வைத்த சாதம் மூடியபடியே இருந்தது.

சிஞ்ச்வட் ஸ்டேஷனில் ஷீலா பெண்கள் பெட்டியில் ஏறினாள். அவர் அடுத்த பெட்டியில். மணிலாக் கொட்டை விற்றவன் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தான்.

"காகா, காடி குடே?" என்றான் மரியாதையாக. வண்டி எங்கே என்று அர்த்தம்.

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்," என்றார் பாலச்சந்திரன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, தமிழில்.

அடுத்த ஸ்டேஷன் ஆகுர்டி. ஷீலா இறங்கி வேகமாக நடந்தாள். பஜனைக்குப் போகிறவள் நடை இல்லை அது. பத்து நிமிடத்தில் ஒரு இரண்டு மாடிக் கட்டடத்துக்குள் போய் மறைந்தாள். கோயில் இல்லை, வக்கீல் ஆபீஸும் இல்லை. வாசலில் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது. பி.ஏ. முதலாண்டு, தபால் வழி மாணவர்களுக்கு நேர்முக வகுப்பு. காலை: சமூகவியல் அறிமுகம். மாலை மூன்று மணி: மேடைப் பேச்சு அறிமுகம், செய்முறைத் தேர்வு.

பாலச்சந்திரன் அதை இரண்டு முறை படித்தார். சந்தேகம் குறையவில்லை, இடம்தான் மாறியது. கல்லூரிக்குள் வைத்து யாருடைய சம்சாரத்தை யார் பேசி முடிக்கிறார்கள்?

ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கியதுதான் தாமதம், மாடிப்படியில் ஒரு ஒல்லி இளைஞன் தடதடவென்று இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டையையும் கழுத்து அட்டையையும் பார்த்தான். பார்ப்பதையெல்லாம் குற்றம் சொல்லப்போகிற அந்த முகத்தையும் பார்த்தான். அவன் கண்ணில் நீர் வராத குறை.

"ஆலாத் கா ஸர்! பாஹேரூன்?"

வெளியிலிருந்து வந்தவரா என்று கேட்கிறான். இருபத்தொன்பது வருடமாக இந்த ஊரில் ரேஷன் கடையிலிருந்து சொசைட்டி மீட்டிங் வரை பாலச்சந்திரனிடம் கேட்ட கேள்விதான். ஆனால் ஒருத்தர்கூட இத்தனை சந்தோஷமாகக் கேட்டதில்லை.

"ஹாங். பாஹர் ஸே," என்றார் ஹிந்தியில், வெளியிலிருந்துதான் என்று உள்ளதை உள்ளபடி.

"நான் நிர்மல். மேடைப் பேச்சுக்கும் சமூகவியலுக்கும் நான்தான் வாத்தியார். உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்," என்று ஹிந்தியில் கொட்டிக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துப் போனான். நிர்மல் ஸருக்கு இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. சட்டைக் காலரில் சாக்பீஸ் தூள். அவனைக் கண்ணால் அளந்து பார்த்தார். எந்த முனையும் எங்கேயும் பொருந்தவில்லை.

உள்ளே முதல் வரிசைக்கு முன்னால் தனி நாற்காலி, மேஜை விரிப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு ரோஜாப்பூ. அதில் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு தாள். பேசுகிறவரின் பெயருக்கு எதிரே பொருள், குரல், கண்ணைப் பார்த்துப் பேசுதல் என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

வெளியிலிருந்து வரும் பரீட்சகர் என்று ஒருவர் இருப்பார், அவருக்காகத்தான் இந்த ரோஜா என்பது பாலச்சந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் இரண்டாவது பெஞ்சில் கத்தரிப்பூப் புடவை தலையைக் குனிந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் நிமிரவில்லை.

முதலில் ஒரு காவலாளி வந்து போக்குவரத்து நெரிசல் பற்றிப் பேசினார். பாலச்சந்திரன் மூன்று கட்டத்திலும் "ஓகே" என்று எழுதினார். அடுத்து ஒரு கேன்டீன் அம்மாள், மரம் வளர்ப்போம் என்றாள். கடைசியில் இரண்டு வரி மறந்துவிட்டது. "ரிஜெக்ட்."

நிர்மல் எட்டிப் பார்த்து வெலவெலத்துப் போனான். "ஸர், நம்பர் போடணும்."

"எங்க முறை இதுதான்," என்றார் பாலச்சந்திரன். வெளியிலிருந்து வருகிறவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது நிர்மலுக்குத் தெரியும்.

"அடுத்து ஷீலா காக்கு," என்று சித்தி முறை வைத்து அறிவித்துவிட்டு, குனிந்து காதில் கிசுகிசுத்தான். "கொஞ்சம் தயவு வையுங்க ஸர். போன தடவை மேடையில் ஏறி ஒரு வார்த்தைகூட வரலை. முழுசா ரெண்டு நிமிஷம் சும்மா நின்னாங்க. இன்னிக்கும் நின்னுட்டா வருஷம் போச்சு. வீட்டில் சொல்லாமல் படிக்கிறவங்க. காலேஜ் போறேன்னா சந்தேகப்படுவாராம் அவங்க வீட்டுக்காரர்."

"அப்படியா," என்றார் வீட்டுக்காரர்.

ஷீலா மேடையேறினாள். சபையைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியைப் பார்த்தாள்.

அளவுகோல் இல்லாமலே சொல்லலாம், ஏற்கனவே அடுக்கிய சீட்டுகளை அவள் ஒரு நூல் பிசகாமல் மறுபடி அடுக்கினாள். பத்து வினாடி. இருபது. சுவர்க் கடிகாரம் நடக்கிற சத்தம் கேட்டது. முப்பது. பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். இப்போது எழுந்து வெளியே போனால் அவள் பேசிவிடுவாளோ? போனால் அவளை ரிஜெக்ட் செய்துவிட்டுப் போனதாக ஆகுமோ? பாலச்சந்திரனுக்கு ரோஜாவின் காம்பு கையில் குத்தியது. எப்போது அதை எடுத்தார் என்று தெரியவில்லை.

ஷீலா சீட்டுகளைக் கீழே வைத்தாள்.

"மாஜா ஸம்ஸார்," என்றாள்.

"அதென்ன தலைப்பு?" பாலச்சந்திரன் நிர்மலிடம் சீறினார். "ஸம்ஸார்னா என்ன?"

"குடித்தனம் ஸர். வீடு வாசல், குடும்பம். என் குடித்தனம்னு பேசறாங்க. காலையில்கூட இதுதான் தலைப்பா, நிச்சயமான்னு மெசேஜ் போட்டுக் கேட்டேன்."

சங்கரன்கோவிலில் அந்தச் சொல்லுக்குப் பெண்டாட்டி என்று அர்த்தம். ஆகுர்டியில் குடித்தனம் என்று அர்த்தம். நடுவில் மாட்டிக்கொண்டவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழுவதும் குடித்தார்.

ஷீலா மராத்தியில் பேசினாள். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

"சமூகவியல் முதல் பாடத்தில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று படித்தேன். எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்றுதான். சாப்பிடுவது மூன்று பேர், மூன்று நேரம். அப்படியானால் நாங்கள் ஒரு குடும்பமா, மூன்று குடும்பமா? புத்தகத்தில் விடை இல்லை.

"எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். எதில் என்ன குறை என்று ஒரு மயிரிழை தவறாமல் சொல்வார். இட்லி இந்தப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் குறைவு என்பார். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இரண்டுதான். அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. சரியாக இருக்கிற நாளில் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாவிட்டால் பாஸ் என்று நானே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எத்தனை நாள் பாஸ் ஆனேன் என்று எனக்குத் தெரியாது."

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. காவலாளி கை தட்டினார். ஷீலா சிரிக்கவில்லை.

"கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று இந்த வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதற்குப் பத்து மதிப்பெண்." அவள் நேராக நாற்காலியைப் பார்த்தாள். அடுத்தது தமிழில் வந்தது. "சாப்ட்டீங்களா?"

பேச்சில் இது ஒரு உத்தி போலிருக்கிறது என்று வகுப்பு நினைத்தது. நிர்மலும் அப்படித்தான் நினைத்துத் தலையாட்டினான்.

"இல்ல," என்றார் பாலச்சந்திரன். குரல் ஒரு நூல் இறங்கியிருந்தது. "நீ சாப்ட்டியா?"

"இல்லங்க."

அவள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி இறங்கினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாலச்சந்திரன் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முதல் தடவையாக நம்பர் போட்டார், மூன்று கட்டத்திலும் ஒரே நம்பர். 9.98.

"ஸர், புள்ளியெல்லாம் வைக்கக் கூடாது."

"அந்த ரெண்டு பாயின்ட் ஏன் குறைஞ்சுதுன்னு அவங்களுக்குத் தெரியும்," என்றார் பாலச்சந்திரன்.

இருவரும் மாடியிலிருந்து இறங்கும்போது கையில் பிரீப்கேஸோடு ஒரு கனத்த மனிதர் மூச்சு வாங்க ஏறிவந்தார். "வாகட் சிக்னலில் டிராஃபிக். தேர்வு எங்கே நடக்கிறது? நான் வெளிப் பரீட்சகர்," என்றார்.

"மேல," என்று காட்டிவிட்டு பாலச்சந்திரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "ஏளா, வேகமா நட."

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஆளுக்கு இரண்டு வடா பாவ் வாங்கினார். வடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கப் போனவர், ஷீலா பார்ப்பதைப் பார்த்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்க மார்க்கு செல்லுமா செல்லாதா?" என்றாள்.

"அந்தத் தடியன் என்ன பண்ணுதான்னு பாப்போம். வருஷம் போச்சுன்னா நான் வந்து பேசுதேன்."

"நீங்க வந்து பேசினா ரெண்டு வருஷம் போயிடும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், இரண்டு வாரமாகக் கேட்காமல் வைத்திருந்தது தானே வெளியே வந்தது.

"மாவு டப்பாவுக்குப் பின்னால ஒரு நோட்டு பாத்தேன்."

ஷீலா மென்றுகொண்டிருந்தது நின்றது.

"பா.ன்னு போட்டு எழுதியிருக்கு. நான் என்னமோ, வக்கீலுக்கோன்னு..."

"ஐயோ, அதா!" தண்டவாளத்தின் கோடியில் வண்டி வருகிறதா என்று அவள் எட்டிப் பார்த்தாள். "அது சமூகவியல் பயிற்சிங்க. வீட்ல ஒருத்தரைக் கவனிச்சு தினமும் எழுதிக் கொடுக்கணும். கிளாஸ்ல எல்லாரும்தான் எழுதறாங்க. இதுக்குப் போய் பயந்துட்டீங்களா?"

"பயமா? எனக்கா?"

இரண்டு வாரக் கனம் ஒரே மூச்சில் இறங்கியது. பயிற்சி. வெறும் பாடம். முப்பத்தாறு நாளும் பாடம்தான்.

வண்டி வந்தது. ஷீலா துணிப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பெட்டிக்கு ஓடினாள். பாலச்சந்திரனுக்கு உட்கார இடம் கிடைத்தது. பையின் மேலாக சமூகவியல் பாடத்திட்டப் புத்தகம் தெரிந்தது. மெல்லிய புத்தகம், மராத்தியோடு ஹிந்தியும் அச்சிட்டிருந்தது. ஷீலா இத்தனை ஆசையாகப் படிப்பதை ஒரு தடவை பார்க்கலாமே என்றுதான் எடுத்தார். வேறு எண்ணம் எதுவும் இல்லை. ஆகுர்டிக்கும் சிஞ்ச்வடுக்கும் நடுவில் நாலு நிமிடம், இருபத்தொன்பது வருடப் பரிசோதகருக்கு அது தாராளம். முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை ஒரு வரி விடாமல் சோதித்தார்.

ஐந்து பாடங்கள், ஒரு எழுத்துத் தேர்வு. கவனித்து எழுதும் பயிற்சி என்று அதில் எதுவும் இல்லை.